அனுமதி யாருக்கு? அபாயம் யாருக்கு?

தொழிற்சாலைக் கழிவைப் பக்குவப்படுத்தி மறுபடியும் பொருளாக மாற்றும் ஆலை ஒன்று ஓர் ஊருக்கு வருகிறதென்றால் அந்த ஊர் ஜனங்கள் சந்தோஷப்பட வேண்டுமா, சஞ்சலப்பட வேண்டுமா?

“நாட்டுக்கு நல்லது, ஆற்றுக்கு நல்லது, நாலு பேருக்கு வேலை” என்று முதலாளி சொல்லுவார். “எல்லாம் விதிப்படி நடக்கிறது” என்று அதிகாரி சொல்லுவார். “எங்கள் கிணறு போய்விடும் ஐயா” என்று விவசாயி சொல்லுவார். முதல் இருவர் பேச்சு பைலில் ஏறுகிறது. மூன்றாமவர் பேச்சு தெருவோடு போகிறது. இன்றைய அனுமதி முறையின் சாரம் இவ்வளவுதான்.

செவிலிமேடு போன்ற ஊரில் வாழ்கிறவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் விஷயமல்ல. பாலாற்றங்கரை ஊர் இது. இங்கே தறி உண்டு, வயல் உண்டு, கோயில் உண்டு. சாலைக் கிணற்றிலிருந்து இராமானுஜர் வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்தார் என்று பெரியவர்கள் சொல்லும் கதையும் இந்தப் பக்கத்துக் கதைதான். சாமி கும்பிடுகிறவருக்கும் கும்பிடாதவருக்கும் இந்த மண்ணுக்கு அடியில் இருப்பது ஒரே தண்ணீர். அந்தத் தண்ணீர் கெட்டால் சாதி பார்த்து, மதம் பார்த்து, கட்சி பார்த்துக் கெடாது.

இந்த ஊருக்கு மேற்கே, ஆற்றின் மேல்பக்கத்தில், வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் இருக்கின்றன. கிழக்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. பெயிண்டுக் கசடு, கெட்டுப்போன எண்ணெய், அமிலம், செத்த பேட்டரி, உடைந்த சர்க்யூட் அட்டை எல்லாம் அங்கிருந்து தினமும் வெளியேறுகின்றன. சரக்கு கப்பலேறிப் போகிறது. லாபம் பாங்கிக் கணக்கில் கடல் தாண்டிப் போகிறது. கழிவு மட்டும் இங்கேயே கிடக்கிறது. அதற்கு ஓர் இடம் வேண்டும். மலிவான நிலம், பக்கத்தில் தண்ணீர், கேள்வி கேட்க ஸ்தாபனம் இல்லாத ஜனங்கள் — இந்த மூன்றும் சேர்ந்த இடத்தைத்தான் கழிவு தேடிக்கொண்டு வரும்.

அந்த விண்ணப்பம் நாளைக்கே எந்த ஊர் வாசலுக்கும் வரலாம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். ஆகவே இந்த அனுமதி எப்படிக் கொடுக்கப்படுகிறது, அதில் ஜனங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, இல்லாத உரிமையை எப்படிப் பெறுவது என்பதை உழைக்கும் மக்கள் இப்போதே தெரிந்துகொள்வது அவசியம்.

நாம் எதற்கு விரோதி?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுவோம். கழிவை மறுசுழற்சி செய்வதற்கு நாம் விரோதிகள் அல்ல. கழிவை ஆற்றில் விடுவதைவிட, ஏரியில் கொட்டுவதைவிட, இரவோடு இரவாக லாரியில் ஏற்றிச் சுடுகாட்டுப் புறம்போக்கில் தள்ளுவதைவிட, அதைப் பக்குவப்படுத்துவது ஆயிரம் மடங்கு மேல். தொழில் வளர வேண்டும், வேலை பெருக வேண்டும் என்று கோருகிறவர்கள் நாம். கழிவில்லாத தொழில் கிடையாது என்பதும் நமக்குத் தெரியும்.

காஞ்சிபுரத்துக்கு இந்த வேலை புதிதும் அல்ல. பழைய ஜரிகைச் சேலையைத் தெருத் தெருவாக வந்து வாங்கிக்கொண்டு போகிறார்களே, அது எதற்கு? பட்டை எரித்து ஜரிகையில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்கு. அதுவும் மறுசுழற்சிதான். அதில் வெள்ளி யாருக்குப் போகிறது? வியாபாரிக்கு. புகை யாருக்குப் போகிறது? அடுப்படியில் நிற்கும் கூலியாளுக்கு. சின்னத் தொழிலில் சின்ன அளவில் நடக்கும் இதே அநியாயம்தான் பெரிய ஆலையில் பெரிய அளவில் நடக்கிறது.

பழைய பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உடைத்து, அமிலத்தை வடித்து, தகட்டை உலையில் போட்டால் ஈயம் கிடைக்கிறது. ஈயத்துக்கு நல்ல விலை. ஆனால் உலையிலிருந்து எழும் தூசு தொழிலாளியின் மூச்சில் ஏறி ரத்தத்தில் கலக்கிறது. அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே தெரியவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. ஈயம் உருக்குவது போன்ற இந்தத் தொழில்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சிவப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. “மறுசுழற்சி” என்ற நல்ல பெயர் இருப்பதாலேயே ஓர் ஆலை நல்ல ஆலை ஆகிவிடாது.

ஆகவே ஆலை வேண்டுமா வேண்டாமா என்று மொட்டையாகக் கேட்பதில் பிரயோஜனமில்லை. எங்கே வேண்டும், யார் செலவில், யார் கண்காணிப்பில், யார் சம்மதத்துடன் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் கொடுக்கப்படும் அனுமதிக்குத்தான் நாம் விரோதிகள்.

பாலாறு கற்பித்த பாடம்

அனுமதியை அதிகாரிகளிடம் மட்டும் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பாலாற்றைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். ஜில்லாவும், அதாவது நம் காஞ்சிபுரம் அடங்கிய ஜில்லாவும், அந்தத் தீர்ப்பின் உத்தரவுகளுக்கு உட்பட்டது. கெடுத்தவனே செலவு கொடுக்க வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது.

பிறகு நடந்தது என்ன? நஷ்டஈட்டை நிர்ணயிக்க ஆணையம் அமைந்தது. 2001-ல் ஓர் உத்தரவு, 2009-ல் ஓர் உத்தரவு. கோர்ட்டுக்கும் ஆபீசுக்குமாக வருஷங்கள் ஓடின. கடைசியில் 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தலையிட்டது. நஷ்டஈடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் சர்க்கார் கொடுக்க வேண்டும், கொடுத்ததைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், முன்னாள் ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் கமிட்டி அமைத்து ஆற்றின் நிலையைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. நிலம் கெட்டபோது இளைஞனாக இருந்த விவசாயி இந்த உத்தரவு வந்தபோது கிழவனாகிவிட்டான்; எத்தனையோ பேர் உயிரோடு இல்லை.

இராணிப்பேட்டையில் இன்னொரு சாட்சி நிற்கிறது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற கம்பெனி தோல் பதனிடுவதற்கு வேண்டிய குரோமிய ரசாயனங்களை உற்பத்தி செய்தது. கம்பெனி 1990-களிலேயே மூடப்பட்டுவிட்டது. அது குவித்துவிட்டுப் போன இரண்டு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு மலை மட்டும் மூடப்படவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து மஞ்சள் நீர் வடிந்து மண்ணில் இறங்கிய கதை தேசம் முழுவதும் தெரிந்த கதை. லாபம் வந்த காலத்தில் அதை எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது. கழிவை எடுக்க வேண்டிய காலத்தில் ஆளைக் காணோம். சுத்தப்படுத்தும் செலவு இப்போது பொதுஜனங்களின் வரிப் பணத்தின் தலையில்!

அனுமதி கொடுக்கும்போதே “கடையை மூடும் நாளில் கழிவை எடுப்பதற்கு இன்றைக்கே பணம் கட்டு” என்று சொல்லியிருந்தால் இந்த மலை வளர்ந்திருக்குமா?

மாண்ட பத்துத் தொழிலாளர்கள்

“அப்படியானால் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதும் அல்லவா?” என்று கேட்கலாம். கட்டினால் மட்டும் போதாது என்பதற்கும் இராணிப்பேட்டையே சாட்சி.

2015 ஜனவரி 31-ந் தேதி, நள்ளிரவு கடந்த நேரம். இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் இருந்த தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் பட்டறைக்குள் விஷக் கசடு பாய்ந்தது. பகலெல்லாம் உழைத்துவிட்டு அங்கேயே படுத்து உறங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர்கள். அந்தத் தொட்டி முறையான அனுமதி பெறாமல் கட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஆற்றைக் காப்பாற்றுவதற்காகக் கட்டப்பட்ட நிலையம்தான் தொழிலாளியைக் கொன்றது. கழிவைக் கரைக்கு அந்தப்பக்கம் விட்டால் விவசாயி சாகிறான். கரைக்கு இந்தப்பக்கம் தேக்கினால் தொழிலாளி சாகிறான் என்றால், இது இயந்திரத்தின் கோளாறு மட்டுமல்ல. தொட்டி எவ்வளவு கொள்ளும், எவ்வளவு நிரப்பியிருக்கிறார்கள், சுவர் தாங்குமா, சுவருக்குப் பக்கத்தில் மனிதர்கள் படுக்கலாமா என்று கேட்கும் அதிகாரம் அங்கே வேலை செய்தவர்களுக்கு இல்லை. உயிருக்கு அபாயம் உள்ளவனுக்குக் கேட்க உரிமை இல்லை. கேட்க உரிமை உள்ளவனுக்கு உயிருக்கு அபாயம் இல்லை. விபத்துக்கு வேர் இதுதான்.

பைலில் யார் இருக்கிறார்கள்?

ஒரு கழிவு ஆலைக்கு எத்தனை கதவுகள் திறக்க வேண்டும் என்று பார்ப்போம். நிலப் பயன்பாட்டுக்கும் கட்டடத்துக்கும் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி திட்ட அனுமதி வேண்டும். 1974-ம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டம், 1981-ம் ஆண்டுக் காற்றுச் சட்டம் இவற்றின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இரண்டு தடவை இசைவு வாங்க வேண்டும்: ஆலையை நிறுவ ஒன்று, ஓட்ட ஒன்று. அபாயகரமான கழிவைக் கையாள 2016-ம் ஆண்டு விதிகளின்படி தனி அங்கீகாரம் வேண்டும். அபாயகரமான கழிவுக்கான பெரிய பொது நிலையமாக இருந்தால் 2006-ம் ஆண்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும்.

இத்தனை கதவுகளில் ஜனங்கள் நுழையக்கூடிய கதவு எது? கடைசிக் கதவு ஒன்றுதான். அதில் மட்டும்தான் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. சின்ன ஆலை, நடுத்தர ஆலை என்றால் அந்தக் கதவும் கிடையாது. அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கும் அந்த அறிவிக்கை கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. தொழிற்பேட்டையைச் சுற்றி மதில் இருக்கலாம். மதிலுக்கு அடியில் நிலத்தடி நீருக்கு மதில் இருக்கிறதா?

கூட்டம் நடந்தால்தான் என்ன? முப்பது நாள் முன்னதாகப் பத்திரிகையில் விளம்பரம் வரும். ஆலையின் விளைவுகளைச் சொல்லும் ரிப்போர்ட்டு கனமான புத்தகம். அதன் சுருக்கம் மட்டும் தமிழில் கிடைக்கும், முழுப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். இந்த அளவுகூட அதிகம் என்று நினைத்துத்தான் 2020-ல் வெளியிட்ட நகல் அறிவிக்கையில் முப்பது நாளை இருபது நாளாகக் குறைக்க மத்திய சர்க்கார் முயன்றது.

கருத்துக் கேட்காமல் போனால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைத் தூத்துக்குடி காட்டியது. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்து நின்ற ஜனங்கள் மீது 2018 மே 22-ந் தேதி போலீஸ் சுட்டது. 13 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள், மே 23-ந் தேதி, ஆலையின் விரிவாக்கத்துக்குத் தடை விதித்து, ஜனங்களின் கருத்தைக் கேட்ட பிறகே அதுபற்றி முடிவு செய்ய வேண்டும் என்று ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஜனங்கள் கேட்டதும் இதைத்தானே! ஒரு நாள் முன்னால் கேட்க முடியாத காது, ரத்தம் சிந்திய பிறகுதான் திறந்தது.

இன்னொரு மோசடியும் நடக்கிறது. முதலில் கட்டிவிடுவது, ஓட்டிவிடுவது, பிறகு அபராதம் கட்டி அனுமதி வாங்குவது. இதற்கு வழி செய்து 2017-ல் மத்திய சர்க்கார் அறிவிக்கை வெளியிட்டது. 2025 மே 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. அதே வருஷம் நவம்பர் 18-ந் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இருவர் ஒருபக்கம் ஒருவர் மறுபக்கமாக, அந்தத் தீர்ப்பை வாபஸ் வாங்கியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கிணறு கெட்ட பிறகு வரும் அனுமதியும் அப்படிப்பட்டதுதான். தறிக்காரன் வீட்டுத் திண்ணையை ஓர் அடி நீட்டிக் கட்டினால் நோட்டீசு வருகிறது. கோடீஸ்வரன் அனுமதி இல்லாமல் ஆலையே கட்டினால் அபராத ரசீது வருகிறது. இதுவா சட்டத்தின் முன் சமத்துவம்?

இருக்கிற சட்டத்தையும் அமல் நடத்துவதில்லை

சட்டமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருக்கிற நல்ல சட்டமும் உறங்குகிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

1989 மார்ச் 30-ந் தேதி மாநில சர்க்கார் போட்ட 213-ம் எண் அரசாணை, குறிப்பிட்ட ஆறுகளிலிருந்தும் நீர்நிலைகளிலிருந்தும் ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழில்கள் வரக்கூடாது என்றது. 1998 மே 8-ந் தேதி போட்ட 127-ம் எண் அரசாணை காவிரி, பெண்ணையாறு, பாலாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு இந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டராக்கியது. செவிலிமேடு பாலாற்றங்கரையில் இருக்கிறது. அப்படியானால் இந்த ஆணைகள் இவ்வூரில் எந்தெந்த சர்வே எண்களைக் காக்கின்றன என்று கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு. அந்த வரைபடத்தை ஊருக்கு ஊர் சுவரில் மாட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

2016-ம் ஆண்டுக் கழிவு விதிகளின் ஐந்தாவது விதியைத் தொழிலாளர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மறுசுழற்சித் தொழிலில் ஈடுபடும் தொழிலாளர்களை அங்கீகரித்துப் பதிவு செய்வது, அவர்கள் குழுக்களாகச் சேர்ந்து தாங்களே அத்தகைய நிலையங்களை அமைக்க உதவுவது, தொழிற்பயிற்சி கொடுப்பது, வருஷந்தோறும் அவர்களது பாதுகாப்பையும் ஆரோக்கியத்தையும் கண்காணிப்பது — இவை மாநிலத் தொழிலாளர் துறையின் கடமை என்று அந்த விதி சொல்லுகிறது. தொழிலாளர்களின் குழு ஆலை நடத்தலாம் என்று சட்டமே சொல்லுகிறது! கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தறி நடத்திய காஞ்சிபுரத்துக்கு இது நடக்காத காரியமா? முதலாளிக்கு ஒற்றைச் சாளரம் திறந்து வைக்கும் அதிகாரவர்க்கம் இந்த விதிக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது?

இதற்கு நடுவில் 2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் மின்சாரம் உபயோகித்துப் பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் இருபது பேர் வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் இருபது பேர் என்பது நாற்பதாகிவிட்டது. பேட்டரி உடைக்கும் கொட்டகையில், பீப்பாய் கழுவும் கொட்டகையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? பெரும்பாலும் பத்துப் பதினைந்து பேர்தான். எங்கே அபாயம் அதிகமோ அங்கே தொழிற்சாலை என்ற பெயரையே பறித்துவிட்டார்கள்.

நம் வீட்டுக் கழிவு

ஊரான் கழிவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நம் கழிவை மறைத்தால் அது யோக்கியமாகாது. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பிசின் நீக்கி, பிறகு சாயம் தோய்க்கிறோம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? சாக்கடை வழியாக வேகவதிக்கும் ஏரிகளுக்கும் போகிறது. காஞ்சிப் பட்டின் பளபளப்புக்குப் பின்னால் இந்தக் கறுப்புத் தண்ணீரும் இருக்கிறது.

இதற்குப் பரிகாரம் என்ன? சாயப்பட்டறையைப் பூட்டுவதா? திருப்பூரில் பூட்டினார்கள். நொய்யலின் குறுக்கே விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுநீர்த் தொட்டியாகிப்போனது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. 2011 ஜனவரி 28-ந் தேதி ஹைகோர்ட் உத்தரவால் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் வேலை இழந்து தவித்தார்கள். அதன் பிறகே, கழிவை முழுவதும் சுத்திகரித்துத் தண்ணீரை மறுபடி உபயோகிக்கும் முறைக்குச் சர்க்கார் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பல வருஷங்களுக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை, விவசாயி நிலத்தை இழந்து, தொழிலாளி கூலியை இழந்த பிறகு செய்தார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை!

அங்கேயும் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. சுத்திகரித்த பிறகு மிஞ்சும் கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகக் குவிகின்றன. கழிவைச் சுத்தப்படுத்தும் ஆலையிலும் கழிவு உண்டு என்பதை மறக்கக்கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அபாயகரமான கழிவைப் புதைக்கும் பொது நிலையம் இருக்கிறது. ஓர் ஊரின் கழிவை இன்னோர் ஊரில் புதைத்துவிட்டு நம் ஊர் சுத்தமாகிவிட்டது என்று சொல்வதும் நியாயமாகாது. “எங்கள் ஊரில் வேண்டாம், எங்கேயாவது கொண்டு போ” என்பது தொழிலாளி வர்க்கத்தின் கோஷமாக இருக்க முடியாது. எங்கே வைத்தாலும் அங்கே இருப்பதும் நம் சகோதரர்களே.

திருப்பூரில் விவசாயியும் சாயத் தொழிலாளியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். இருவர் சண்டையில் லாபம் சம்பாதித்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். காஞ்சிபுரத்தில் அந்தத் தவறு நடக்கக்கூடாது. கழிவின் செலவைச் சின்னச் சாயக்காரர் தலையிலும் நெசவாளி கூலியிலும் கட்டக்கூடாது. பட்டில் பெருத்த லாபம் பார்க்கும் பெரிய ஜவுளி வியாபாரமும், அதில் வரி வசூலிக்கும் சர்க்காரும் அதைச் சுமக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள்

ஆகவே நாம் கேட்பது இவை:

1. கழிவு ஆலை கேட்டு வரும் விண்ணப்பம் எதுவானாலும், சுருக்கம் மட்டுமல்ல, முழுவதும் தமிழில் வெளியிட வேண்டும். மாநகராட்சி ஆபீசிலும் நூலகத்திலும் ரேஷன் கடையிலும் அதை வைக்க வேண்டும். என்ன கழிவு வரும், எங்கிருந்து வரும், தினம் எத்தனை டன், மிஞ்சுவது எங்கே போகும் என்ற நான்கு கேள்விகளுக்கும் முதல் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

2. அபாயகரமான கழிவைத் தொடும் ஆலை சிறியதானாலும் பெரியதானாலும், தொழிற்பேட்டைக்கு உள்ளே ஆனாலும் வெளியே ஆனாலும், பகிரங்க விசாரணை கட்டாயமாக வேண்டும். ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களையும் அழைக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்சேபணைக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். செவிலிமேடு 2011-ல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சியாயிற்று. இங்கே கிராம சபை கிடையாது. அதற்குப் பதிலாக உள்ள பகுதி சபை கூடி விவாதித்துத் தீர்மானம் போடாமல் எந்த ஆலைக்கும் திட்ட அனுமதி கூடாது.

3. 1989, 1998-ம் ஆண்டு அரசாணைகளின்படி பாலாற்றங்கரையில் பாதுகாக்கப்பட வேண்டிய பகுதிகளை சர்வே எண்ணோடு வரைபடமாக வெளியிட வேண்டும். ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு எதையும் கழிவு ஆலைக்குக் கொடுக்கக்கூடாது.

4. கழிவை உண்டாக்கும் பெரிய தொழிற்சாலைகள், அதைப் பக்குவப்படுத்தும் செலவையும், ஆலை மூடப்படும் நாளில் நிலத்தைச் சுத்தப்படுத்தும் செலவையும் முன்பணமாகக் கட்ட வேண்டும்.

5. ஐந்தாவது விதியை உடனே அமல் நடத்த வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த கொட்டகையானாலும் தொழிலாளியைப் பதிவு செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து முடிவைத் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும். தொட்டிப் பக்கத்தில் யாரையும் தங்க வைக்கக்கூடாது. பாதுகாப்புக் கமிட்டியில் சங்கத்தின் பிரதிநிதி இருக்க வேண்டும்; அபாயம் என்று அவர் சொன்னால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும்.

6. காஞ்சிபுரம் சாயத் தொழிலுக்குச் சர்க்கார் செலவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். அது முடிகிற வரையில் எந்தச் சின்னப் பட்டறையையும் பூட்டித் தொழிலாளியைத் தெருவில் நிறுத்தக்கூடாது.

7. அனுமதிக்கு முன்னால் ஓடத் தொடங்கிய ஆலைக்குப் பின்னால் அனுமதி தரும் வழக்கத்தை அடியோடு ஒழிக்க வேண்டும்.

இவை அதிகமா? ஆற்றையும் உயிரையும் இழந்தவர்கள் கேட்கும் கோரிக்கைகள் இவை. சர்க்காருக்கு மனமிருந்தால் இவற்றில் பாதிக்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. ஒரு கையெழுத்து போதும்.

ஆனால் கேட்காமல் எந்த மந்திரிசபையும் எதையும் கொடுத்ததில்லை. பாலாற்று வழக்கும் திருப்பூர் வழக்கும் பிறந்தது ஜனங்கள் ஒன்றுகூடியதால். கோர்ட்டு உத்தரவுகள் ஏட்டில் உறங்கியது ஜனங்கள் தொடர்ந்து ஒன்றுகூடாததால். இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நெசவாளர் சங்கமும் சாயத் தொழிலாளர்களும் விவசாயிகள் சங்கமும் துப்புரவுத் தொழிலாளர்களும் ஒரே மேடையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. அடுத்த பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். கூட்டமாகப் போங்கள். பாலாற்றங்கரை சர்வே எண்களின் வரைபடத்தைக் கேளுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் அல்லது உங்கள் ஏரிக்கரையில் புதிதாக மதில் எழும்பினால், அது என்ன மதில், யார் அனுமதி என்று அன்றைக்கே கேளுங்கள். சுவர் உடைந்த பிறகு கேட்காதீர்கள்.

அபாயத்தில் பங்கு கொடுக்கிறவர்கள் முடிவிலும் பங்கு கொடுக்க வேண்டும். அது கொடுக்கப்படும் வரை, கழிவு ஆலைக்கான எந்த அனுமதியும் ஊர் கொடுத்த அனுமதி ஆகாது!